ஒரு மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகும்? கால் எலும்புக்குள் நடக்கும் அதிசயங்கள் தெரியுமா?

கணுக்கால் மூட்டுக்குள் இருக்கும் ஓர் எலும்பு வெறும் 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? எலும்பும் எலும்பும் தொட்டுக்கொள்ளும் பரப்பு 42 சதவீதம் குறைந்துவிடும்! ஆம், ஒரே ஒரு மில்லிமீட்டருக்கு 42 சதவீதம்! ராம்சே, ஹாமில்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1976-இல் அளந்து காட்டிய கணக்கு இது. மிச்சமிருக்கும் அந்தச் சின்ன இடத்தில் உடம்பின் எடை முழுக்க இறங்கும். குருத்தெலும்பு தேயும். நாளடைவில் மூட்டு வலி நிரந்தரமாகிவிடும். கணுக்கால் முறிவுக்கு பிளேட் வைக்கும் மருத்துவர் எக்ஸ்ரேயை ஏன் மறுபடி மறுபடி பார்க்கிறார் என்று இப்போது தெரிகிறதா?

'காலில் ராடு வைத்திருக்கிறார்கள்', 'பிளேட் வைத்திருக்கிறார்கள்' என்று நாம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் எத்தனை மில்லிமீட்டர் கணக்குகள், எத்தனை டிகிரி கணக்குகள்! ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

*

நடக்கும்போது உங்கள் இடுப்பு மூட்டு தாங்கும் சுமை எவ்வளவு? உடல் எடை எவ்வளவோ அவ்வளவுதானே என்கிறீர்களா? இல்லவே இல்லை! ஏறத்தாழ இரண்டரை மடங்கு! 60 கிலோ எடையுள்ளவர் நடந்தால் இடுப்பில் 150 கிலோ. கால் தடுக்கித் தடுமாறினால்? 8 மடங்குக்கும் மேல்! அதே 60 கிலோ மனிதரின் மூட்டில் அந்த நொடியில் 480 கிலோவுக்கும் மேல்!

இதை எப்படி அளந்தார்கள் என்பது அதைவிட ஆச்சரியம். பெர்லினில் ஜார்ஜ் பெர்க்மான் என்ற ஆய்வாளரின் குழு, செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே அழுத்தத்தை அளக்கும் கருவியையும் குட்டி ரேடியோவையும் பொருத்தியது. நோயாளிகள் நடந்தார்கள், படி ஏறினார்கள். உடம்புக்குள் இருந்த மூட்டு தன் சுமையைத் தானே ஒலிபரப்பியது!

*

இப்போது ஒரு 25-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். எலும்பு மருத்துவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண் இது!

வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்தால் பெரும்பாலும் உடைவது எது? தொடை எலும்பின் மேல்முனை. அங்கே உருண்டையான தலைப்பகுதிக்குள் பெரிய திருகு ஒன்றைச் செலுத்தி நிறுத்துவார்கள். அந்தத் திருகின் நுனி எங்கே போய் நிற்க வேண்டும்? இதில்தான் எல்லாமே இருக்கிறது! திருகின் நுனிக்கும் எலும்புத் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தை முன்பக்க எக்ஸ்ரேயில் அளக்கிறார்கள், பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அளக்கிறார்கள், இரண்டையும் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

ஏன் 25? 1995-இல் அமெரிக்காவின் பாம்கார்ட்னரும் உடன் பணியாற்றியவர்களும் 198 முறிவுகளை ஆராய்ந்தார்கள். கூட்டுத்தொகை 25 மில்லிமீட்டருக்குள் இருந்த திருகுகள் 120. அவற்றில் எத்தனை எலும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன தெரியுமா? பூஜ்ஜியம்! ஒன்றுகூட இல்லை! கிழித்துக்கொண்டு வந்த 16 திருகுகளும் 25-ஐத் தாண்டியவை! மருத்துவ ஆய்வில் பூஜ்ஜியம் என்ற விடை கிடைப்பது எவ்வளவு அரிது! உங்கள் வீட்டுப் பாட்டி மறுபடி எழுந்து நடப்பதற்கும் இன்னொரு முறை ஆபரேஷன் மேஜையில் படுப்பதற்கும் நடுவே நிற்பது இந்தச் சில மில்லிமீட்டர்கள்தான்.

*

4.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள திருகுக்கு எத்தனை மில்லிமீட்டர் துளை போடுவார்கள்? 3.2! 3.5 மில்லிமீட்டர் திருகுக்கு? 2.5! மிச்சமிருக்கும் அந்த ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் திருகின் மரை கடித்துப் பிடிக்கும் எலும்பு. துளை கொஞ்சம் பெரிதானால் பிடி போயிற்று!

நீளத்துக்கும் கணக்கு உண்டு. துளை போட்டதும், நுனியில் கொக்கி வைத்த மெல்லிய அளவுகோலை உள்ளே விடுவார்கள். எலும்பின் எதிர்ச்சுவரில் கொக்கி மாட்டும். அளவு தெரிந்துவிடும்! திருகுகள் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக வருகின்றன: 30, 32, 34, 36... குட்டையாக இருந்தால் எதிர்ச்சுவரைப் பிடிக்காது. நெட்டையாக இருந்தால் தசைநாரைக் குத்தும்.

கணைக்கால் எலும்புக்குப் பின்னால் என்ன ஓடுகிறது தெரியுமா? பாதத்துக்கு உயிர் கொடுக்கும் ரத்தக்குழாயும் நரம்பும்! டிரில் எதிர்ச்சுவரைத் துளைத்த கணத்தில் கை நின்றுவிட வேண்டும். எப்படித் தெரியும்? காதால்! எலும்பைத் துளைக்கும்போது ஒரு சத்தம், சுவரைத் தாண்டும் நொடியில் வேறு சத்தம். கை பழகிய அளவுக்குக் காதும் பழக வேண்டிய வேலை இது!

*

எலும்பு சூட்டில் சாகுமா? சாகும்! 47 டிகிரி செல்சியஸ், 1 நிமிடம், அவ்வளவு போதும்! ஸ்வீடனின் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 1983-இல் முயல்களின் கால் எலும்பில் கண்டுபிடித்தது இது. டிரில் சுழலச் சுழலச் சூடு ஏறும். சூடு தாண்டினால் துளையைச் சுற்றியுள்ள எலும்பு செத்துவிடும், திருகு நாளடைவில் ஆட ஆரம்பித்துவிடும். அதனால்தான் டிரில் பிட் கூர்மையாக இருக்க வேண்டும். அதனால்தான் துளை போடும்போதே சலைன் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள்!

*

திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்குக்கூட எண் இருக்கிறது! பிளேட்டோடு பூட்டிக்கொள்ளும் நவீனத் திருகுகளில் 3.5 மில்லிமீட்டர் திருகுக்கு 1.5 நியூட்டன் மீட்டர், 5 மில்லிமீட்டர் திருகுக்கு 4 நியூட்டன் மீட்டர். அந்த அளவு வந்ததும் திருப்புளி 'க்ளிக்' என்று சத்தம் போட்டு நின்றுவிடும்! அதற்கு மேல் முறுக்கினால்? திருகின் தலையும் பிளேட்டும் ஒன்றோடு ஒன்று இறுகிப் பின்னிக்கொண்டு, பின்னாளில் கழற்றவே முடியாமல் போகலாம்!

*

முதன்முதலில் எலும்புக்கு பிளேட் வைத்தது எப்போது? 1886! எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 9 ஆண்டுகள் இருந்தன! ஜெர்மனியின் ஹாம்பர்கில் கார்ல் ஹான்ஸ்மான் என்ற மருத்துவர் வைத்தார். அந்த பிளேட்டின் ஒரு முனையும் திருகுகளின் நீண்ட காம்புகளும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எலும்பு சேர்ந்ததும் வெளியிலிருந்தே கழற்றி எடுக்கத்தான் இந்த ஏற்பாடு!

அதே ஊர், அதே நாடு என்றில்லை, அந்தக் காலமே துணிச்சலான காலம். 1890-இல் பெர்லினின் தெமிஸ்டோக்லஸ் குளூக் செயற்கை முழங்கால் மூட்டு ஒன்றைப் பொருத்தினார். எதில் செய்தது தெரியுமா? யானைத் தந்தத்தில்! கிருமித் தொற்று அந்த முயற்சியைத் தோற்கடித்தது. லண்டனில் ஆர்பத்னட் லேன் என்ற மருத்துவர் தொற்றுக்குப் பயந்து என்ன செய்தார்? ஆபரேஷன் முழுக்கக் கையுறை போட்ட விரல்கூட எலும்பில் படாமல், நீண்ட கைப்பிடி வைத்த கருவிகளாலேயே பிளேட்டையும் திருகையும் பொருத்தினார்! தொடாமலே வேலை! எவ்வளவு பொறுமை வேண்டும்!

*

இனி ராடுக்கு வருவோம். எனக்கு இதில் மிகப் பிடித்த கதை இதுதான்.

1939 நவம்பர். ஜெர்மனியின் கீல் நகரம். கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற மருத்துவர், உடைந்த தொடை எலும்பின் நடுவே, மஜ்ஜை இருக்கும் குழலுக்குள், நீண்ட உலோகக் கம்பி ஒன்றைச் செலுத்தினார். மறு ஆண்டு பெர்லின் மாநாட்டில் சொன்னபோது பலர் நம்பவில்லை. மஜ்ஜையைக் கெடுத்தால் எலும்பு எப்படிச் சேரும் என்று எதிர்த்தார்கள். ஆனால் எலும்பு சேர்ந்தது! தொடை உடைந்தால் எடைக்கல் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டிய காலம் அது. குன்ட்ஷரின் நோயாளிகளோ சீக்கிரமே எழுந்து நடந்தார்கள்!

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியை எதிர்த்த நேச நாடுகளுக்கு இது எப்படித் தெரிந்தது தெரியுமா? ஜெர்மனியில் போர்க் கைதிகளாக இருந்த வீரர்கள் ஊர் திரும்பியபோது! எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர்கள் திகைத்துப்போனார்கள். தொடைக்குள் முழு நீளத்துக்கு ஓர் உலோகக் கம்பி! 1945-இல் 'டைம்' இதழ் அதைச் செய்தியாகவே போட்டது!

இன்றைக்கு அந்தக் குழலைத் தயார்செய்யும் நுணுக்கம் என்ன தெரியுமா? வளைந்து கொடுக்கும் தண்டில் குடையும் கருவியை மாட்டி உள்ளே விடுகிறார்கள். ஒரே தடவையில் இல்லை! ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் பெரிய முனை: 9, 9.5, 10, 10.5... உள்சுவரில் உரசும் கரகர அதிர்வு கைக்குத் தெரிந்ததும் நிறுத்தத் தயாராகிறார்கள். கடைசியாகக் குடைந்த அளவைவிட 1 முதல் 1.5 மில்லிமீட்டர் மெல்லிய ராடு உள்ளே போகும். அப்போதுதான் சிக்காமல் போகும், ஆடாமலும் நிற்கும்!

உங்கள் தொடை எலும்பு நேரானது என்று நினைக்கிறீர்களா? வில்லைப்போல் முன்பக்கம் வளைந்தது! 2004-இல் வந்த ஓர் ஆய்வு அளந்தது: அந்த வளைவின் ஆரம் சராசரியாக 120 சென்டிமீட்டர். அன்றைக்குச் சந்தையில் இருந்த ராடுகளின் வளைவு ஆரம்? 186 முதல் 300 சென்டிமீட்டர்! அதாவது எலும்பைவிட ராடு நேராக இருந்தது! அப்படிப் போனால் ராடின் நுனி முழங்காலுக்கு மேலே எலும்பின் முன்சுவரில் போய் முட்டும். இந்தக் கணக்கு வந்த பிறகு இன்னும் வளைந்த ராடுகள் வந்தன.

அதோடு முடிந்ததா? உடைந்த துண்டு திருகிக்கொண்டிருந்தால் பாதம் கோணலாகத் திரும்பிவிடும். 15 டிகிரிக்கு மேல் திரும்பிச் சேர்ந்துவிட்டால் அதைக் குறையாகவே கணக்கிடுகிறார்கள். ராடையும் எலும்பையும் குறுக்கே பூட்டும் திருகைப் போட்டுவிட்டால் அந்தக் கோணம் நிலைத்துவிடும். அதனால் போடுவதற்கு முன் மருத்துவர் எதைப் பார்ப்பார்? உடையாத அந்த இன்னொரு காலை!

*

ராடின் கீழ்முனையில் ஐந்தாறு மில்லிமீட்டர் அகலமுள்ள துளை ஒன்று இருக்கும். அதற்குள் குறுக்கே ஒரு திருகு போக வேண்டும். எங்கே இருக்கிறது அந்தத் துளை? தோலுக்கு அடியில், தசைக்கு அடியில், எலும்புக்கு உள்ளே! இருட்டில் ஊசிக் காதில் நூல் கோப்பதுபோல்தான்! மேல்முனையில் கவலையில்லை, ராடோடு இணைந்த சட்டகம் வழிகாட்டிவிடும். ஆனால் வளைந்த குழலுக்குள் இறங்கும்போது ராடு சில மில்லிமீட்டர் நெளிந்துவிடும். கீழே சட்டகத்தின் குறி தப்பிவிடும்!

அப்போது கைகொடுப்பது 'சி-ஆர்ம்' என்ற நகரும் எக்ஸ்ரே இயந்திரம். திரையில் துளை முட்டை வடிவமாகத் தெரிகிறதா? கோணம் தவறு! இயந்திரத்தைத் திருப்பு! இன்னும் கொஞ்சம்! துளை சுத்தமான வட்டமாகத் தெரியும் வரை! அந்த வட்டத்தின் நடுவில் டிரில்லின் நுனியை வைத்தால் குறி தப்பாது. மருத்துவமும் வடிவியலும் கைகோக்கும் இடம்!

*

எலும்பை அசையாமல் இறுக்கிப் பிடித்தால்தான் சேரும் என்று நினைக்கிறீர்களா? பாதிதான் உண்மை! முறிவின் இடைவெளியில் முதலில் முளைக்கும் இளம் திசு தன் நீளத்தில் 100 சதவீதம் வரை இழுபட்டாலும் தாங்கும். குருத்தெலும்பு 10 சதவீதம் தாங்கும். எலும்பு? வெறும் 2 சதவீதம்! ஸ்விட்சர்லாந்தின் ஸ்டீபன் பெர்ரன் சொன்ன கணக்கு இது. ஆகவே அசைவு அதிகமானால் அங்கே எலும்பு உருவாகவே உருவாகாது!

ஆனால் கொஞ்சம்கூட அசைவு இல்லாவிட்டால்? துண்டுகள் மயிரிழைகூட விலகாமல் அழுத்திப் பிடிக்கப்பட்டிருந்தால் எலும்புச் செல்கள் குகை குடைவதுபோல் நேராக முறிவைத் தாண்டிப் புது எலும்பு கட்டுகின்றன. வேகம்? ஒரு நாளைக்கு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர்! துண்டு துண்டாக நொறுங்கிய எலும்பிலோ அவ்வளவு கச்சிதம் முடியாது. அங்கே ராடு கொடுக்கும் இம்மியளவு அசைவு நன்மையே செய்கிறது. எலும்பு கட்டி கட்டியாக வளர்ந்து பாலம் போடுகிறது!

இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தியவர்கள் யார்? 1958 நவம்பரில் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் கூடிய 13 மருத்துவர்கள்! கருவிகளை ஒரே அளவில் செய்தார்கள். செய்த ஆபரேஷன்களை எக்ஸ்ரேயோடு பதிவுசெய்தார்கள். பதிவுசெய்ததால்தான் எது தேறியது, எது தேறவில்லை என்று தெரிந்தது!

*

இப்போது சைபீரியாவுக்குப் போவோமா? 1950-களின் தொடக்கம், குர்கன் பகுதி. கவ்ரீல் இலிசரோவ் என்ற மருத்துவர் காலைச் சுற்றி உலோக வளையங்கள் வைத்தார். எலும்பின் குறுக்கே மெல்லிய கம்பிகளைச் செலுத்தி வளையத்தில் இழுத்துக் கட்டினார். கம்பியின் தடிமன் 1.8 மில்லிமீட்டர். இழுவிசை எவ்வளவு தெரியுமா? 130 கிலோ வரை! அந்த மெல்லிய கம்பி அவ்வளவு விறைத்து நிற்பதால்தான் நோயாளி காலை ஊன்றி நடக்க முடிகிறது!

அதிசயம் இனிதான்! எலும்பை வேண்டுமென்றே வெட்டி, மெல்ல மெல்ல விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு வளர்கிறது! எவ்வளவு விலக்கலாம்? ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர். அதையும் ஒரேயடியாக இல்லை, 0.25 மில்லிமீட்டராக 4 தவணை! நட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 1 மில்லிமீட்டர். கால் சுற்று? 0.25! நோயாளியே வீட்டில் உட்கார்ந்து நட்டைத் திருப்பித் தன் எலும்பை வளர்க்கிறார்! அவசரப்பட்டு இழுத்தால் நரம்பும் தசையும் தாங்காது, எலும்பும் பிடிக்காது. ரொம்ப மெதுவாக இழுத்தால் இடைவெளி சீக்கிரமே மூடிக்கொள்ளும். சரியான வேகம் 1 மில்லிமீட்டர்!

வலேரி புருமெல் பெயர் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1963-இல் 2.28 மீட்டர் உயரம் தாண்டி உலக சாதனை படைத்தவர், 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தங்கப் பதக்கக்காரர். 1965-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கியது. ஆபரேஷன் மேல் ஆபரேஷன், கால் சேரவில்லை. கடைசியில் இலிசரோவிடம் போனார். பிறகு? அதே காலோடு மறுபடியும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார்!

மேற்கு நாடுகளுக்கு இந்த முறை போய்ச் சேர்ந்ததும் ஒரு நோயாளியின் காலோடுதான்! இத்தாலியின் மலையேறி கார்லோ மௌரி, சேராத கால் எலும்போடு 1980-இல் குர்கனுக்குப் போனார். தேறித் திரும்பினார். வியந்துபோன இத்தாலிய மருத்துவர்கள் மறு ஆண்டே இலிசரோவைத் தங்கள் நாட்டுக்கு அழைத்தார்கள்!

இப்போது வளையமே வேண்டாம்! ராடுக்குள்ளேயே காந்தம் இருக்கிறது. தோலுக்கு வெளியே ஒரு கருவியை வைத்தால் உள்ளே காந்தம் சுழல்கிறது, ராடு நீள்கிறது. அதே 1 மில்லிமீட்டர் வேகம், ஆனால் தோலைத் துளைத்து ஒரு கம்பியும் வெளியே நீட்டவில்லை!

*

குழந்தைகளுக்கு? அவர்கள் எலும்பு வளர்ந்துகொண்டே இருக்குமே! தொட்டாலே உடையும் எலும்போடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்காக ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ராடு இருக்கிறது. குழந்தை வளர வளர ராடும் கூடவே நீள்கிறது! முட்டி தட்டும் கால்களுக்கு இன்னும் எளிய வழி: வளர்ச்சிக் குருத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு திருகோடு ஒரு குட்டி பிளேட். அந்தப் பக்க வளர்ச்சி கட்டுப்படும், மறுபக்கம் வளரும், கால் தானாக நேராகும்! எலும்பை வெட்டவே தேவையில்லை! நேரானதும் பிளேட்டைக் கழற்றிவிடுவார்கள்.

*

டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்று எப்படித் தெரிந்தது? தற்செயலாக! 1950-களில் ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கருவி வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை! எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது! எலும்பில் பதிக்கும் இன்றைய செயற்கைப் பற்களுக்கெல்லாம் முன்னோடி, அந்த முயலின் கால்!

*

சாலை விபத்தில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிட வேண்டுமா? மிகக் கொடிய கேள்வி! அதற்கு உலக மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல்களில் ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் கோயம்புத்தூரிலிருந்து! கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் 2006-இல் வெளியிட்டது. தோல், எலும்பு, தசையும் நரம்பும் ஆகிய மூன்றுக்கும் தலா 5 வரை மதிப்பெண். மற்ற உடல்நிலைக் காரணங்கள் ஏழுக்குத் தலா 2. மொத்தம் 29. மதிப்பெண் 14-க்குள் என்றால் காப்பாற்று! 17-உம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே நல்லது. நடுவில் 15, 16 வந்தால் அனுபவமே முடிவு சொல்ல வேண்டும். நம்மூர் விபத்துப் பிரிவின் அனுபவம் இன்று எத்தனையோ நாடுகளின் கால்களைக் காக்கிறது!

*

கடைசியாக ஒன்று. சி-ஆர்ம் இயந்திரமே இல்லாத மருத்துவமனையில் அந்த மறைந்த துளையை எப்படிக் கண்டுபிடிப்பது? முடியாது என்றுதானே நினைக்கிறீர்கள்? முடியும்! வியட்நாம் போரில் மருத்துவராகப் பணியாற்றிய அமெரிக்கர் லூயிஸ் ஸர்க்கிள், 1999-இல் 'சைன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்களின் ராடு உள்ளே குழலில்லாத திடக் கம்பி, நெளிவது குறைவு. வெளியே இணைத்த சட்டகம் துளையின் இடத்தைக் காட்டும். பிறகு மெல்லிய கருவி ஒன்றை எலும்புக்குள் விட்டுத் துழாவுவார்கள். அது துளைக்குள் விழுந்ததும் மருத்துவரின் விரலுக்கே தெரிந்துவிடும்! சி-ஆர்ம் வேண்டாம், தொடு உணர்வே போதும்!

ஏழை நாடுகளின் மருத்துவமனைகளுக்கு இந்த ராடுகள் இலவசமாகப் போகின்றன. கைம்மாறாகக் கேட்பது என்ன? செய்த ஆபரேஷனின் எக்ஸ்ரேயைப் பதிவேற்ற வேண்டும், அவ்வளவுதான்! பதிவு வந்ததும், செலவான ராடுக்குப் பதிலாக அடுத்த நோயாளிக்கு இன்னொரு ராடு புறப்பட்டுவிடும்!